எல்ஸாவின் ஏரிக்கரையில் நான்கு நாள்

ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. பினாங்கில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு ஐரோப்பா என்பது பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கும் சரக்கு, அவ்வளவுதான். ஆசைப்பட்டவள் என் மனைவி மரகதம். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் ஒன்றும் கேட்டிராதவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போன கையோடு நான்கு தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"செப்டம்பர்ல போகணுங்க. ரெண்டாவது வாரம். அதத் தாண்டிட்டா ஆப்பிள் எல்லாம் பறிச்சு முடிச்சிருவாங்க."

"எங்க போகணும்?"

"சூரிச்சுக்கு. அங்கேருந்து ஏரிக்கு."

தாள்களைப் படித்தேன். சூரிச்சில் மூன்று நாள், ஏரிக்கரைக் கிராமத்தில் நான்கு நாள் என்று முறையாகப் பிரித்து எழுதியிருந்தாள். ஆற்றின் மேல் எந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும், கடந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த ரொட்டிக்கடையில் கதவைத் தள்ளினால் மணி அடிக்கும், ஏரியில் மூடுபனி எத்தனை மணிக்கு விலகும் என்பதுவரை இருந்தது. பர்மா ரோட்டைத் தாண்டித் தனியாகப் போகாதவள் எழுதியது அது.

"இதெல்லாம் யார் சொன்னது?"

"எல்ஸா" என்றாள்.

எல்ஸா எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த சுவிஸ்காரி. பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள். கல்யாணமாகவில்லை. ஆறு வருஷம் தினமும் மத்தியானம் மரகதம் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். கான்வெண்டில் படித்தவளாதலால் முதலில் இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பிறகு எல்ஸா தன் பாஷையையே கற்றுக்கொடுத்துவிட்டாள். எல்ஸா காய்ச்சலில் கிடந்து இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகவிருந்தது. அவளை அடக்கம் செய்ய ஓடியாடியவன் நான். ஊரிலிருக்கும் அவள் தாயாருக்கு எழுதும் பொறுப்பை மரகதம் எடுத்துக்கொண்டாள்.

சிநேகிதி சொன்ன ஊரைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்குச் சரக்கு அனுப்பும் மருந்துக் கம்பெனியும் சூரிச்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சரி என்றேன். ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்திய கதை இது. அப்போது அப்படி ஒரு வார்த்தையில் சரி என்று சொல்லிவிட முடிந்தது.

குளிருக்குத் துணி வாங்கச் சூலியா தெருவில் காதர் அண்ணன் கடைக்குப் போனேன். எனக்கு ஒரு கறுப்புக் கோட்டு எடுத்துப் போட்டார்.

"அங்க குளிரு எலும்பக் கடிக்கும், தம்பி. ரொம்ப சூசா லா, பெரிய கஷ்டம். வீட்டம்மாவுக்கு?"

"அவளுக்கு இருக்கு அண்ணே. செத்துப்போன சிநேகிதி ஒரு சாம்பல் கலர் கோட்டு குடுத்துட்டுப் போயிருக்கா."

காதர் அண்ணன் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவங்க ஊருக்கே அவங்க கோட்டப் போட்டுக்கிட்டா போறாங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கப்பல், ரயில் விவரங்களை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் நேராக சூரிச்சுக்கு வருகிறேன்.

முதல் நாள் எனக்கு அந்த ஊரில் பிடிபட்டது வாசனை இல்லாமைதான். எங்கள் ஊரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கை நம்பியே வீடு போய்ச் சேரலாம். கருவாடு, கிராம்பு, சாக்கடை, சாம்பிராணி என்று தெருவுக்குத் தெரு வாசனை மாறும். இங்கே தெருவெல்லாம் கழுவித் துடைத்த தட்டுப் போல இருந்தது. ஏரி இருந்தது, படகு இருந்தது, உப்பு வாசனை மட்டும் இல்லை. மாலையில் ஊரிலுள்ள எல்லாத் தேவாலயங்களிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. கால் மணி நேரம் நிற்கவில்லை. தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் யாரும் தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மரகதம் மட்டும் நின்று, உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு ஓட்டலில் ஒரு பாலாடைக்கட்டி வைத்தார்கள். நம் ஊர் இறால் விழுது பெலாச்சான் அதன் முன்னால் சந்தனம். நல்லவேளை, கொண்டுபோன பருப்புப்பொடியை அவித்த உருளைக்கிழங்கில் தூவிச் சாப்பிட்டேன். பக்கத்து மேஜையிலிருந்த பெரியவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். என்னவென்று மரகதத்தைக் கேட்டேன். "பாவம், மருந்து சேர்த்துச் சாப்பிடுறார்னு சொல்றாருங்க" என்றாள்.

இரண்டாம் நாள் அவள் என்னை அழைத்துப் போனாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். யாரையும் வழி கேட்கவில்லை. பாலத்தைக் கடந்து, படிக்கட்டுச் சந்தில் ஏறி, ஒரு நீரூற்றுக்குப் பக்கத்தில் திரும்பினாள். ரொட்டிக்கடைக் கதவைத் தள்ளினாள். மணி அடித்தது.

கடையில் இருந்தவள் நாற்பது வயதுக்காரி. அவளிடம் மரகதம் பேச ஆரம்பித்தாள். மரகதம் ஜெர்மன் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. குரல் கனமாக, அடித்தொண்டையிலிருந்து வந்தது. என் வீட்டில் நான் கேட்ட குரலே இல்லை. கடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவள் கண் கலங்கிவிட்டது. ஏப்ரனால் துடைத்துக்கொண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். மரகதம் அதைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் திணித்தாள். அதற்குள் மேல்விலாசத்தை நான் படித்துவிட்டேன். எல்ஸாவின் பெயர் இருந்தது.

இரண்டு துண்டு பிளம்பழப் பலகாரம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"அந்தப் பொம்பள ஏன் அழுதா?"

"ஈஸ்டர் சமயத்துல அவ மாமனார் தவறிட்டாரு. அத விசாரிச்சேன்."

எல்ஸா இறந்தது முந்திய வருஷம் ஆகஸ்டில். இந்த வருஷம் ஈஸ்டரில் நடந்த சாவை அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? கேட்க வாயெடுப்பதற்குள் டிராம் வந்துவிட்டது. ஜனநெருக்கத்தில் சாம்பல் கோட்டின் முதுகு எனக்கு முன்னால் ஏறியது. நானும் ஏறினேன். உள்ளே நிற்க இடமில்லை. நான்கு வரிசைக்கு முன்னால் அதே முதுகு, அதே உயரம். கூப்பிட்டேன். திரும்பவில்லை. டிராம் மலைப்பக்கமாக ஏறிக்கொண்டே போனது. கூட்டம் குறைந்தது. கடைசி நிறுத்தத்தில் நானும் கண்டக்டரும்தான் மிச்சம். அவள் இறங்கியதை நான் பார்க்கவில்லை. வெளியே ஒரு நீளமான மதில் சுவரும், அதற்குப் பின்னால் கல்லறைகளும் தெரிந்தன.

திரும்பி வர ஒரு மணி நேரமாகியது. மரகதம் ரொட்டிக்கடை முனையிலேயே பலகாரப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டீங்க? நான் இந்த எடத்த விட்டு நகரவே இல்லையே!"

சாம்பல் கோட்டு அந்த ஊரில் ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கோபம் வந்துவிட்டது. ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன்.

"செத்துப்போனவ பேருக்கு எப்படி கடுதாசி வரும், மரகதம்?"

பலகாரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி அன்னப்பறவைகளுக்குப் போட்டாள். பிறகு, "நான் எழுதினா வரத்தானே செய்யும்" என்றாள்.

எல்ஸாவுக்குக் கடைசி மூன்று மாதம் கை நடுங்கியது. அவள் சொல்லச் சொல்ல மரகதம்தான் தாயாருக்கு எழுதினாள். அவள் இறந்த பிறகு சாவுச் செய்தியை எழுதத்தான் உட்கார்ந்தாள்.

"'அன்புள்ள அம்மா'ன்னு எழுதினேங்க. அதுக்கு மேல கை தானா ஓடுச்சு. அவ எப்படிச் சொல்லுவாளோ அப்படியே. மழை பெய்யுது, மாம்பழம் வந்திருக்கு, நான் நல்லா இருக்கேன்னு. ரெண்டு மாசத்துல பதில் வந்துச்சு. 'உன் கடுதாசியப் பாத்ததும் படுக்கைய விட்டு எழுந்தேன்'னு எழுதியிருந்தாங்க. அப்புறம் எப்படிங்க சொல்லுவேன்? அடுத்த கடுதாசியில சொல்லிடலாம், அடுத்ததுல சொல்லிடலாம்னு ஒரு வருஷம் ஓடிப்போச்சு."

"இந்தப் பயணம்?"

"அவங்கதான் கூப்பிட்டாங்க. எல்லாம் அவங்க எழுதினதுதான், எந்த நாளு, எந்தப் படகு எல்லாம். 'செப்டம்பர்ல வா, உன் சிநேகிதியையும் அவ புருஷனையும் கூட்டிக்கிட்டு வா'ன்னு. நேர்ல போய்க் கால்ல விழுந்து சொல்லிடலாம்னு வந்தேன்."

"அந்தம்மாவுக்கு என்ன வயசு?"

"எழுபத்தாறு."

"இது பெரிய பாவம், மரகதம்."

"தெரியுங்க" என்று சொல்லி, அந்தம்மா ரொட்டிக்கடைக்கு அனுப்பிவைத்திருந்த கவரைப் பிரித்தாள். மெதுவாகத் தமிழாக்கிப் படித்தாள். புதன்கிழமை பத்து மணிப் படகில் வர வேண்டும். எல்ஸாவின் மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. விருந்தாளிகளுக்குக் கீழ் அறை.

அன்று மத்தியானம் மருந்துக் கம்பெனிக்காரர்கள் என்னைச் சுற்றிக் காட்டினார்கள். என்ன பார்த்தேன் என்று இன்று ஒன்றும் நினைவில்லை. மயக்கம் தெளிவிக்க முகரும் உப்பு ஒரு புட்டி கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

புதன்கிழமை ஸூக் ஏரிக்குப் போனோம். சின்ன நீராவிப் படகு. ஏறியபோது வெயில் இருந்தது, பாதி ஏரியில் பனி இறங்கிவிட்டது. பினாங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் படகில் போகும்போது மழை மறைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மழைக்குச் சத்தம் உண்டு. இது ஓசையே இல்லாமல் வந்து முதலில் கரையை எடுத்துக்கொண்டது, பிறகு கொடிக்கம்பத்தை, பிறகு எதிரில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை. படகுக்காரன் நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடித்தான். கரையிலிருந்து யாரோ பதில் மணி அடித்தார்கள்.

படகு பலகைத் துறையில் மோதி நின்றது. மரகதம் இறங்கி நடக்கத் தொடங்கினாள். நான் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். பனிக்குள் சாம்பல் கோட்டு பத்தடி முன்னால் தெரிந்தது. வேகமாக, பழகிய நடை. "மெதுவாப் போ" என்று கத்தினேன்.

"என்னங்க?" என்று ஒரு கை பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தது. மரகதம். "இப்பத்தானே எறங்குறேன். யாரக் கூப்பிடுறீங்க?"

முன்னால் பார்த்தேன். வெறும் பலகை, ஈரம், பனி. பெட்டிகள் என் கையிலிருந்து நழுவிவிட்டன.

துறையின் முடிவில் குட்டையாக ஓர் அம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். மரகதத்தின் கறுத்த முகத்தையும், கோட்டுக்குக் கீழே தெரிந்த சேலைக் கரையையும், என்னையும் பார்த்தாள். மகள் எங்கே என்று கேட்கவில்லை. ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

மரகதம் கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "'வாங்க, அவ முன்னால போயிட்டா'ன்னு சொல்றாங்க."

வீடு மரவீடு. வாசலில் ஆப்பிள் கூடைகள். மேஜையில் நான்கு தட்டு வைத்திருந்தது. அந்த அம்மாள் பார்லிக் கஞ்சி ஊற்றினாள். நான்காவது தட்டிலும் ஊற்றினாள். மரகதம் கரண்டியைத் தொடவில்லை. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நான் உப்புப் புட்டியை மூடி திறந்து கையில் வைத்திருந்தேன்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மாறவில்லை. முடிந்ததும் மரகதத்தின் தலையில் கை வைத்து நிதானமாகப் பேசினாள். மரகதம் அழுதுகொண்டே ஒவ்வொரு வாக்கியமாக எனக்குச் சொன்னாள்.

"'என் மக பதினாறு வருஷமா எழுதினா. வெயில் அதிகம், பிள்ளைங்க ஒழுங்கா வாசிக்கிறதில்ல, எல்லாம் அவ கஷ்டந்தான். என் முட்டிவலி எப்படி இருக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல. போன இலையுதிர் காலத்துலேருந்து மாசா மாசம் அதையே கேட்டு கடுதாசி வருது. அது அவ இல்லன்னு எனக்குத் தெரியாதா?'"

"அப்படின்னா ஏன் பதில் எழுதினாங்கன்னு கேளு."

கேட்டாள். "'வேற யாரு எனக்கு எழுதுறா?'ன்னு கேக்குறாங்க."

புட்டியை மூடினேன். பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. அப்போதுதான் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"'அதோட அவளே வந்து சொல்லிட்டா'ங்குறாங்க" என்றாள் மரகதம். குரல் இறங்கிவிட்டது. "'ஆகஸ்டு மாசம், விடியக்காலை, நான் பால் கறந்துட்டு உள்ள வர்றேன், அடுப்புப் பக்கத்துல நிக்கிறா. குளிருதும்மான்னா. உக்காருன்னேன். என் காலு ரெண்டும் ஐஸா இருந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரர் மடியில வச்சுத் தேய்ச்சுவிட்டார், நல்ல மனுஷன்னு சொன்னா. உங்களப் பாத்து நன்றி சொல்லணும்னுதான் வரச் சொன்னேன்.'"

மரகதம் என்னையே பார்த்தாள். "என்னங்க இது? நீங்களா?"

எல்ஸா இறந்த அன்று மரகதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தாள். கடையிலிருந்து மருந்தோடு நான்தான் மாடிக்குப் போனேன். உச்சி வெயில், தகரக் கூரை கொதிக்கிறது, அவள் குளிர்கிறது என்கிறாள். பாதங்கள் விறைத்திருந்தன. மடியில் எடுத்து வைத்து அரை மணி நேரம் தேய்த்தேன். அப்படியே போய்விட்டாள். அந்நியப் பெண்ணின் காலை மடியில் வைத்திருந்ததை மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை, பாதிரியாரிடம் சொல்லவில்லை. அறையில் வேறு ஆள் இல்லை.

பினாங்கில் உச்சி வெயில் என்றால் சுவிஸ் நாட்டில் விடியற்காலை, பால் கறக்கும் நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அங்கே நான்கு நாள் இருந்தோம். பகலில் மரகதம் ஆப்பிள் பொறுக்கினாள், நான் கூடை சுமந்தேன். புது ஆப்பிள் சாறு குடித்தோம். அந்த அம்மாளுக்கு நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாய் ரொம்பப் பிடித்துவிட்டது. விரலால் தொட்டு நக்கிவிட்டு அவள் சொன்னதை மரகதம் மொழிபெயர்த்தாள்: "இவ்வளவு நல்ல சாமானை அவ ஏன் ஒரு கடுதாசியிலயும் எழுதல?"

வேளாவேளைக்கு நான்காவது தட்டு வைக்கப்பட்டது. நான் அதை விடாமல் பார்த்தேன். கஞ்சி குறையவில்லை, ரொட்டி நகரவில்லை. உள்ளதைத்தான் எழுதுகிறேன். மூன்றாம் நாள் காலை வெளியே மூவரும் மரத்தடியில் இருந்தார்கள். நான் மட்டும் தீப்பெட்டி எடுக்க உள்ளே வந்து, அடுப்பு ஓரத்து நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். ஒருவர் அதுவரை உட்கார்ந்திருந்து எழுந்து போனது போல் அது சூடாக இருந்தது. அடுப்பின் பக்கத்தில் நாற்காலி சூடாக இருப்பதில் அதிசயமில்லை. ஆனால் அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. "வெளியே மூவரும்" என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். என்னை விட்டால் அங்கே இருந்தது இரண்டு பெண்கள்தான். ஆனாலும் உள்ளே வந்தபோது, வெளியே மூன்று பேரை விட்டுவிட்டு வந்த மாதிரிதான் எனக்கு நினைப்பு.

புறப்படும் நாள் பனி இல்லை. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. அந்த அம்மாள் துறைவரை தடியோடு நடந்து வந்தாள். மரகதத்தின் கன்னத்தைத் தட்டிச் சொன்னாள்: "எழுது. இனிமேல் உன் பேரிலேயே எழுது. பொய் வேண்டாம்."

மரகதம் சத்தியம் செய்து கொடுத்தாள்.

படகு நகர்ந்த பிறகும் அந்த அம்மாள் கையசைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குத்தான் அசைக்கிறாள் என்று நினைத்தேன். கூர்ந்து பார்த்தபோது அவள் பார்வை எங்களுக்குக் கொஞ்சம் இடதுபக்கம், படகின் காலி பெஞ்சின் மேல் இருந்தது. மரகதத்திடம் சொல்லவில்லை.

பினாங்குக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து, அடைமழைக் காலத்தில் முதல் கடிதம் வந்தது. மேல்விலாசத்தில் மரகதத்தின் பெயர், கோணல்மாணலான எழுத்தில். முட்டிவலி பரவாயில்லை, மாட்டை விற்றாகிவிட்டது, ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கடைசியில் இரண்டே வரி. மரகதம் அதைப் படிக்கும்போது நான் கடைக்குப் புறப்பட்டுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"'நீங்கள் படகேறின நாளிலிருந்து எல்ஸா இங்கே வருவதில்லை. உங்களோடு இருக்கிறாளா?'"

மழை கூரையைப் போட்டு அடித்தது. மரகதம் தாளை எடுத்து, பேனாவைத் தொட்டு, எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க எழுதட்டும்? பொய் எழுதமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே."

"அவ இங்கதான் இருக்கான்னு எழுது."

பேனா மேஜையில் விழுந்தது. மெல்ல எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க பாத்தீங்களா?"

கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.